அறிவிப்பு தெளிவாகத்தான் இருக்கிறது, ஊழியர்கள்தான் படிப்பதில்லையா?

கேள்வி: 4 மார்ச் 2024

எங்கள் நிறுவனத்தில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான புதிய உத்தி அறிவிக்கப்பட்டு ஆறு வாரங்கள் ஆகின்றன. தலைமைச் செயல் அலுவலரின் மின்னஞ்சல், டவுன்ஹால் கூட்டம், காணொளி, உள் இணையதளத்தில் கேள்வி பதில் பக்கம் என எல்லாம் செய்தாயிற்று. ஆனாலும் சென்ற வாரம் எடுத்த உள் கருத்துக்கணிப்பில் பெரும்பாலோர், உத்தி என்னவென்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அறிவிப்பைத் தயாரித்த குழுவில் நானும் ஒருவன். அறிவிப்பு தெளிவாகவே இருக்கிறது, ஊழியர்கள்தான் படிப்பதில்லை என்பது என் தரப்பு. மறுப்பவர்கள் சொல்லலாம்.

4 மார்ச், இரவு

மறுக்கிறேன். படித்துவிட்டுத்தான் தெரியவில்லை என்று எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஓர் அறிவிப்பை நானே வாசித்துக் காட்டிய அனுபவம் எனக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 பேருக்குப் பொறுப்பாளராக இருந்தேன். எல்லாக் கிளைகளின் பில் சரிபார்ப்பையும் ஒரே மையத்துக்கு மாற்றுவது என்று மேலிடம் முடிவு செய்தது. அது எனக்குத் தெரிய வந்தது, பிரிவினருக்குச் சொல்ல வேண்டிய அதே நாள் காலை ஒன்பதேகால் மணிக்கு. பதினொரு மணிக்குக் கூட்டம். கையில் பதினொரு பக்கத் தாள். அதில் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். போட்டித் திறன், ஒருங்கிணைந்த செயல்முறை, வாடிக்கையாளர் அனுபவம் எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது.

நாற்பது நிமிடம் பேசினேன். முடிந்ததும் பிரிவின் மூத்த பணியாளர் ஒருவர் எழுந்து, "சார், ஜூன் மாதம் பத்து நாள் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். பதினொரு பக்கத்தையும் புரட்டினேன். விடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசிப் பக்கத்தில், வேறு கேள்விகள் வந்தால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. அதையே வாசித்தேன்: "இந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பணியாளர் நலனே நமக்கு முதன்மையானது." அவர் அதைத் தம் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, ஜூன் மாதம் தாம் எங்கே உட்கார்ந்திருப்போம் என்பது மட்டுமே. உங்கள் கருத்துக்கணிப்பில் தெரியவில்லை என்று எழுதியவர்களும் இப்படி எதையோதான் தேடியிருப்பார்கள்.

5 மார்ச்

"அப்படியானால் அவர் கேட்டது விடுப்பைப் பற்றி, உத்தியைப் பற்றி அல்ல" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். அறிவிப்பை எழுதியவருக்கு அது அப்படித்தான் தெரியும். ஏன் என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன்.

1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி தம் முனைவர் பட்டத்துக்காகச் செய்தது. ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாடல் ஒன்றின் தாளத்தை மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் கணித்தார்கள். 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று. தட்டுபவரின் தலைக்குள் ராகமும் சொற்களும் சேர்ந்து ஓடுகின்றன. கேட்பவருக்கு வருவது டக் டக் என்ற சத்தம் மட்டுமே. தட்டியவர்களுக்கு வியப்பு, சிலருக்கு எரிச்சலும்கூட.

உங்கள் குழு அந்த உத்தியோடு எத்தனை மாதம் குடியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். கைவிட்ட யோசனைகள், இரவு வரை நீண்ட வாக்குவாதங்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இருக்கும் கதை, எல்லாம் உங்களுக்குள் ஒலிக்கின்றன. "ஒருங்கிணைந்த தளம்" என்று நீங்கள் எழுதும்போது உங்களுக்குப் பாட்டு கேட்கிறது.

5 மார்ச், சற்றுப் பின்னர்

ஒரு திருத்தம். 14 பேருக்குப் பொறுப்பாளர் என்று எழுதினேன். என்னையும் சேர்த்தே 14. என்னைச் சேர்க்காமல் எண்ணும் பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது போலும்.

7 மார்ச்

மொழியைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

அந்த மாற்றத்துக்கு அடுத்த ஆண்டு, இன்னொரு சுற்றறிக்கையைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் தொடக்கம் முதல் இறுதி வரை "வீ" என்ற ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு அந்தச் சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. தமிழில் அந்தச் சலுகை கிடையாது. கேட்பவரைச் சேர்த்தால் "நாம்", விலக்கினால் "நாங்கள்". ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

"நாம் சந்தையில் பின்தங்கியிருக்கிறோம்" என்ற முதல் வாக்கியத்தில் சிக்கல் இல்லை. இரண்டாவது, ஆட்களைக் குறைக்கும் முடிவு. அந்த முடிவை எடுத்த அறையில் வாசகர் இருக்கவில்லை. ஆகவே "நாங்கள் முடிவு செய்துள்ளோம்" என்று எழுதினேன். கடைசி வாக்கியம், "இந்தக் கடினமான காலத்தை நாம் ஒன்றாகக் கடப்போம்." மனிதவளத் துறையிலிருந்து தாள் திரும்பி வந்தபோது "நாங்கள்" மட்டும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டிருந்தது. நிர்வாகம் வேறு, ஊழியர்கள் வேறு என்று பிரித்துக் காட்டுவதுபோல் ஒலிக்கிறதாம். "நாம்" என்று மாற்றச் சொன்னார்கள். வேலையிழக்கப் போகிறவரே தம் வேலையிழப்பைத் தீர்மானித்ததாக ஆகிவிடுமே என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு சமரசத்துக்கு வந்தோம்: "முடிவெடுக்கப்பட்டுள்ளது."

யார் எடுத்தது என்ற கேள்வி அந்த ஒரு வினைமுற்றில் மறைந்துபோனது. அதற்குப் பிறகு சுற்றறிக்கை முழுவதிலும் அதே வழியைப் பின்பற்றினேன். அச்சாகி வந்த பக்கத்தில் பதினொரு "பட்டுள்ளது". இரண்டாம் பத்திக்கு மேல் அந்த நிறுவனத்தில் மனிதர்களே இல்லை. காரியங்கள் தாமாக நடந்துகொண்டிருந்தன.

இப்போது நினைத்தால், "நாங்கள்" என்பதைக் காப்பாற்றுவதற்கு இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். "நாங்கள் முடிவு செய்தோம், இன்ன காரணத்துக்காகச் செய்தோம்" என்று சொல்பவரிடம் கோபப்படலாம், கேள்வி கேட்கலாம், வாதாடலாம். "எடுக்கப்பட்டுள்ளது" என்பதிடம் யார் போய் வாதாடுவது?

8 மார்ச்

கேள்வி கேட்டவரே "புதிய உத்தி அறிவிக்கப்பட்டு" என்றுதான் தொடங்கியிருக்கிறார் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நான் மட்டும் என்ன, "கண்டுபிடிக்கப்பட்டவை மூன்று", "வட்டமிடப்பட்டிருந்தது" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். பழக்கதோஷம். விரலால் தட்டியதற்கும் வட்டமிட்டதற்கும் யாரும் வேலை இழக்கவில்லை என்பதால் மன்னிக்கலாம்.

இன்னொருவர் "மாற்றப் பயணம்" என்ற தொடரைப் பற்றிக் கேட்டார். பயணம் என்று சொன்னால் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, யாருக்கு இருக்கை உண்டு என்று கேட்பதில் தவறில்லை.

11 மார்ச்

"மழுப்பாமல் உண்மையைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். போன வாரம் வரை நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நோக்கியாவின் கதையை மறுபடி யோசித்தபோது தயக்கம் வந்தது.

2011 பிப்ரவரியில், பொறுப்பேற்று ஐந்து மாதமே ஆகியிருந்த தலைமைச் செயல் அலுவலர் ஸ்டீபன் எலோப் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வட கடலில் எண்ணெய்க் கிணற்று மேடை தீப்பற்றி எரிய, அதில் வேலை செய்தவர் உறைய வைக்கும் நீரில் குதிப்பதா, எரிந்து சாவதா என்று நிற்கும் கதையோடு அது தொடங்கியது. நாமும் அப்படி ஒரு மேடையில்தான் நிற்கிறோம் என்றார். எந்தப் போட்டியாளர் எதில் முந்திவிட்டார் என்பதையெல்லாம் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். அதில் மழுப்பல் என்று எதையும் சொல்ல முடியாது. குறிப்பு உடனே ஊடகங்களுக்குக் கசிந்தது. பிப்ரவரி 11 அன்று, தன் கைபேசிகளில் அதுவரை ஓடிய சிம்பியன் மென்பொருளை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக நிறுவனம் அறிவித்தது.

அந்தப் புதிய மென்பொருளில் இயங்கும் முதல் கைபேசியான லூமியா 800 அறிமுகமானது அக்டோபர் இறுதியில். இடையில் எட்டு மாதங்களுக்கு மேல், எரிகிறது என்று தலைவரே சொன்ன பொருளைத்தான் ஊழியர்கள் உருவாக்க வேண்டியிருந்தது, விற்பனையாளர்கள் விற்க வேண்டியிருந்தது. குதி என்றாயிற்று, தோணி இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. எட்டு மாதம் நீந்த வேண்டும். விற்பனைச் சரிவுக்கு அந்தக் குறிப்பே காரணம் என்பாரும் உண்டு, சரிவு முன்பே தொடங்கிவிட்டது என்பாரும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாளைக் காலை சிம்பியன் பிரிவில் உள்ள ஒரு பொறியாளர் அலுவலகத்துக்கு வந்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த உருவகத்தில் விடை இல்லை என்பது மட்டுமே என் குறை.

2014இல் நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டுக்குப் போனது. அதே ஆண்டு ஜூலை 17 அன்று 18,000 வேலைகள் வரை குறைக்கப்போவதாக அங்கே அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அலுவலர் சத்யா நாதெள்ளாவின் மின்னஞ்சல் அந்த எண்ணைத் தொடக்கத்திலேயே சொன்னது. கைபேசிப் பிரிவோடு அங்கே போயிருந்த எலோப், அதே நாளில் தம் பிரிவினருக்கு எழுதிய மின்னஞ்சல் சாதனங்களின் உத்தி, விலைப் பிரிவுகள், வடிவமைப்பு என்று பத்தி பத்தியாகப் போய், பிறகே 12,500 பேர் என்ற இடத்துக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தீயைக் காட்டித் தொடங்கியவர், இம்முறை தீயைக் கடைசிப் பத்திகளுக்குத் தள்ளிவிட்டார். முதல் அனுபவம்தான் அவரை அப்படி எழுத வைத்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

12 மார்ச்

ஊழியர்களுக்கு முன்னால் செய்தித்தாளுக்குத் தெரிவது ஏன் என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவலைச் சிலருக்கு மட்டும் முன்கூட்டிச் சொன்னால் சட்டச் சிக்கல் வரும். ஆயிரக்கணக்கான ஊழியர்களிடம் சொல்வது, வெளியே கசிந்ததற்குச் சமம். எனவே சந்தைக்கும் ஊழியர்களுக்கும் ஒரே நிமிடத்தில் சொல்லப் பார்க்கிறார்கள். செய்தி நிறுவனம் முந்திக்கொள்கிறது. மறுபக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, கூட்டு ஆட்குறைப்பைத் திட்டமிடும்போதே ஊழியர் பிரதிநிதிகளுடன் கலந்து பேச வேண்டும் என்கிறது. இரண்டையும் சமாளிப்பது கடினம்தான். ஆனால் என் அனுபவத்தில் இந்தக் காரணம், பட்டியலிடப்படாத நிறுவனங்களிலும் தாராளமாகப் பயன்படுகிறது.

15 மார்ச்

மாற்றங்களில் 70 விழுக்காடு தோற்றுப்போகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்கு முதற்காரணம் தகவல் தொடர்புதான்.

இதைவிட உறுதியான ஒன்றும் இருக்கிறது. 1948இல் லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இரவு உடை தைக்கும் ஹார்வுட் தொழிற்சாலை. வேலை முறை மாறும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் விலகினார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் மாற்றத்தையும் புதிய கூலிக் கணக்கையும் விளக்கிச் சொன்னார்கள், கேள்விகளுக்கும் பதிலளித்தார்கள். இன்னொரு குழுவில் பிரதிநிதிகள் மட்டும் திட்டமிடலில் கலந்துகொண்டார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோருமே கலந்துகொண்டு, எந்த வேலையை எப்படி மாற்றலாம் என்று பேசினார்கள். விளக்கம் மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாட்களில் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டார்கள். உற்பத்தி எழவே இல்லை. எல்லோரும் கலந்துகொண்ட குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. உற்பத்தி விரைவில் பழைய அளவைத் தாண்டியது.

இரண்டரை மாதம் கழித்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்த முதல் குழுவில் எஞ்சியிருந்தவர்களையே மறுபடி வேறு வேலைக்கு மாற்றினார்கள், இம்முறை அவர்களையும் கலந்துகொள்ள வைத்து. மாற்றத்தை எதிர்ப்பவர்கள் என்று பெயர் வாங்கிய அதே ஆட்கள் மளமளவென்று எழுந்துவிட்டார்கள்.

முதல் குழுவுக்குக் கிடைத்தது மோசமான விளக்கம் அல்ல என்பதைக் கவனியுங்கள். உங்கள் மின்னஞ்சல், டவுன்ஹால், கேள்வி பதில் பக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய அதுதான்.

16 மார்ச்

நேற்றைய குறிப்பின் முதல் வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். 70 விழுக்காடு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். தேடிப் போனால் வெட்கமாக இருக்கிறது. 1993இல் மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும், செயல்முறை மறுவடிவமைப்பைப் பற்றி எழுதும்போது, அறிவியல்பூர்வமற்ற மதிப்பீடு என்று தாங்களே சொல்லிக்கொண்டு 50 முதல் 70 விழுக்காடு என்றார்கள். அந்தத் தயக்கம் வழியிலேயே உதிர்ந்து, எண் மட்டும் ஸ்லைடுக்கு ஸ்லைடு தாவி நம்மிடம் வந்து சேர்ந்தது. 2011இல் மார்க் ஹியூஸ் என்ற ஆய்வாளர், இந்த எண்ணுக்குச் சான்றாகச் சொல்லப்படுபவற்றைச் சோதித்து, நம்பத்தக்க அடிப்படை எதுவும் இல்லை என்று எழுதிவிட்டார். "எல்லோரும் அறிந்ததே" என்று நான் எழுதியதுதான் இதில் மிக மோசம்.

ஹார்வுட் ஆய்வையும் கொஞ்சம் கவனமாகவே பிடிக்க வேண்டும். குழுக்கள் சிறியவை, இருபது பேரைக்கூட எட்டாதவை. நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் மாரோவே ஓர் உளவியலாளர்; முடிவு எப்படி வர வேண்டும் என்ற ஆசை அந்தக் கூரையின் கீழ் இருந்திருக்கும். 1960இல் நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதைப் போலவே செய்து பார்த்தபோது இப்படிப்பட்ட விளைவு கிடைக்கவில்லை. ஆகவே நேற்று இருந்த வீராப்பில் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை விடப்போவதில்லை.

19 மார்ச்

திரும்பத் திரும்பச் சொல்வதே தீர்வு என்று உங்கள் தலைமை நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரம் கேட்டால் ஹார்வர்டு பேராசிரியர் ஜான் காட்டரைக் காட்டுவார்கள். 1995இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் அவர் அடுக்கிய எட்டுத் தவறுகளில் ஒன்று, தொலைநோக்கைச் சொல்ல வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான் சொல்கிறார்கள் என்பது. அதே கட்டுரையில், தலைவர்களின் நடத்தை தங்கள் பேச்சுக்கு எதிராகப் போவதைப் போல் மாற்றத்தைக் குலைப்பது வேறில்லை என்றும் சொல்கிறார். முதற்பாதிக்குச் செலவு குறைவு என்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் தலைவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதையும் உணர்கிறேன். அந்தக் கூட்டத்தில் "தெரியாது" என்று நான் ஏன் சொல்லவில்லை? தாளில் அந்தச் சொல் இல்லை என்பது பாதி உண்மை. 13 பேர் முன்னால், என் பிரிவு ஜூனில் இருக்குமா என்று எனக்கே தெரியாது என்று ஒப்புக்கொள்வது, நான் பொறுப்பாளரே அல்ல என்று ஒப்புக்கொள்வதாகப் பட்டது. கெட்ட செய்தியைச் சொல்வதற்கு மனிதர்களுக்கு உள்ள தயக்கத்தை சிட்னி ரோசன், ஆப்ரகாம் டெஸ்ஸர் இருவரும் 1970இல் ஆராய்ந்து ஒரு பெயரும் வைத்தார்கள். வாயடைப்பு விளைவு என்று தமிழில் சொல்லலாம். நான் செய்தது அதற்கும் ஒரு படி கீழே. சொல்வதற்குக் கெட்ட செய்திகூட என்னிடம் இல்லை. இல்லை என்பதைத்தான் மறைத்தேன்.

24 மார்ச்

கேள்வி கேட்டவர் ஒரு காரியம் செய்திருக்கிறார், பாராட்ட வேண்டும். ஆறு மேற்பார்வையாளர்களைத் தனித்தனியே அழைத்து, புதிய உத்தியால் உங்கள் பிரிவில் இந்த மாதம் எந்த வேலை நிற்கும் என்று கேட்டாராம். நான்கு பேர் எதுவும் நிற்காது என்றார்கள். ஒருவர் ஸ்லைடின் தலைப்பைச் சொன்னார். ஆறாமவர், அது தனக்குத் தெரிய வேண்டிய விஷயமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

"அடுத்து என்ன செய்யட்டும்?" என்கிறீர்கள். அடுத்த அறிவிப்பை அந்த ஆறு பேரிடமும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். சொல்லும்போது, தெரிந்தவற்றோடு இன்னும் முடிவாகாதவற்றையும் எழுதிக் கொடுங்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே, முடிவெடுப்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும். தேதி வந்தும் முடிவாகவில்லையென்றால், அன்றைக்கு அதையாவது சொல்லுங்கள். எனக்கு அந்தப் பதினொரு பக்கத்துக்குப் பதிலாக இப்படி ஒரு பக்கம் கிடைத்திருந்தால், "ஜூன் நிலவரம் ஏப்ரல் 20இல் தெரியும்" என்று சொல்லியிருப்பேன். இன்னொன்று: அந்த அறிக்கையில் "நாம்" எங்கே, "நாங்கள்" எங்கே என்று ஒருமுறை கோடிட்டுப் பாருங்கள். உங்கள் குழுவுக்கே வியப்பாக இருக்கும்.

2 ஏப்ரல்

இந்த இழையை அந்த மூத்த பணியாளருக்கு அனுப்பியிருந்தேன். அவர் ஓய்வு பெற்று நெடுநாளாகிறது. நேற்று மாலை தொலைபேசியில் அழைத்தார். குறிப்பேடு இன்னும் இருக்கிறதாம். அதை வைத்துக்கொண்டு இரண்டு திருத்தங்கள் சொன்னார்.

ஒன்று, நான் பேசியது நாற்பது நிமிடம் அல்ல, பதினெட்டு நிமிடம். நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது, அவருக்கு ஜூனில் விடுப்பே தேவைப்படவில்லை. எனக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று பார்க்கத்தான் கேட்டாராம். பிரிவில் எல்லோருக்கும் மூன்று வாரத்துக்கு முன்பே தெரியுமாம். அச்சு இயந்திரங்களின் பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டுதோறும் பன்னிரண்டு மாதத்துக்குப் புதுப்பிக்கப்படும். அந்த முறை மூன்று மாதத்துக்கு மட்டும் போட்டிருந்தார்கள். "அந்த பில் என் மேஜைக்குத்தானே வந்தது சார்" என்றார்.

அப்போதே என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று விட்டுவிட்டோம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள் சார்" என்றார்.